அடி வாங்கும் துண்டு

பூந்தமல்லியில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்



2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தது. மாநகரிலும் புறநகரிலும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அடுத்த சில நாட்களுக்கு அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று எந்தப் பக்கம் போனாலும் செயின் ரம்பத்தின் இரைச்சல்தான். அந்த இரைச்சல் வெட்டின் நடுவே சட்டென்று அடங்கினால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: பெட்ரோல் தீர்ந்திருக்கும், அல்லது ரம்பத்தின் சங்கிலி ஓடும் பார் மரத்துக்குள் மாட்டியிருக்கும்.

பெட்ரோல் தீர்ந்தால் ஊற்றிக்கொள்ளலாம். பார் மாட்டிக்கொண்டால் கடப்பாரையோ கோடாலியோ இன்னொரு ரம்பமோ கொண்டுவந்துதான் முதல் ரம்பத்தை மீட்க வேண்டும். இந்தத் தொல்லை வராமல் தடுக்கும் கருவி இடுப்புப் பைக்குள் அடங்கிவிடும். அதுதான் ஆப்பு. இன்றைய பேச்சு அந்த ஆப்பின் தலையில் செருகியிருக்கும் ஒரு சிறிய கட்டையைப் பற்றியது. மரத்தால் ஆன அந்தக் கட்டை உடைந்துபோனால், அதன் இடத்தில் பிளாஸ்டிக் கட்டையைப் போடலாமா? போடலாம் என்றால் எந்தப் பிளாஸ்டிக்?

முதலில், மரம் ஏன் ரம்பத்தைக் கவ்வுகிறது என்று பார்ப்போம். விழுந்த மரம் இரண்டு முனைகளிலும் எதன் மீதாவது தாங்கிக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் மதில் சுவர், மறுபக்கம் தரை. நடுப்பகுதி தன் எடையால் கீழே தொய்யும். அப்போது மேல்புறம் அமுங்கியும் கீழ்புறம் இழுபட்டும் நிற்கும். மேலிருந்து அறுத்துக்கொண்டே போனால், அமுங்கிய இரு பக்கங்களும் ஒன்றையொன்று நெருங்கி வெட்டு வாயை மூடும். பஞ்சதந்திரக் கதையில், பாதி பிளந்த மரத்திலிருந்து ஆப்பைப் பிடுங்கிய குரங்கு மாட்டிக்கொண்டதும் இப்படி மூடிக்கொள்ளும் விசையில்தான். ரம்பம் கொஞ்சம் உள்ளே போனவுடன் வெட்டு வாயில் ஓர் ஆப்பைத் தட்டி வைத்துவிட்டால் வாய் மூடாது.

நிற்கும் மரத்தைச் சாய்க்கும்போது ஆப்புக்கு இன்னும் பெரிய வேலை இருக்கிறது. மரம் விழ வேண்டிய திசையில் முதலில் ஒரு முகவெட்டு போடுவார்கள். அதன் ஆழம் மரத்தின் விட்டத்தில் ஐந்தில் ஒன்று முதல் நான்கில் ஒன்று வரை. பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து பின்வெட்டு. இரண்டு வெட்டுக்கும் நடுவே விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அறுபடாமல் விடப்படும். கதவுக்குக் கீல் போல இந்த அறுபடாத பகுதிதான் மரத்தைத் தான் நினைத்த பக்கம் போகவிடாமல் பிடித்துத் திருப்புகிறது.

ஒரு கணக்குப் போட்டால் ஆப்பின் பலம் புரியும். 50 செ.மீ. விட்டமும் 14 மீட்டர் உயரமும் உள்ள மரம். முகவெட்டும் கீலும் போக, பின்பக்கம் ஏறக்குறைய 35 செ.மீ. மிஞ்சுகிறது. அந்த விளிம்பில் ஆப்பு அடித்து அடிமரத்தை வெறும் 2 செ.மீ. தூக்கினால், உச்சி ஏறத்தாழ 80 செ.மீ. முன்னால் நகர்ந்துவிடும். கயிறு இல்லை, ஜே.சி.பி. இல்லை, ஒரு சம்மட்டியும் ஓர் ஆப்பும் போதும். ஆனால் பின்பக்கமாக நன்றாகச் சாய்ந்து நிற்கும் மரத்துக்கு இது மட்டும் போதாது. அதற்குக் கயிறோ வின்ச்சோ வேண்டும்.

நம் பக்கத்தில் இந்தக் கருவி அதிகம் புழங்காததற்கும் காரணம் உண்டு. நகரத்துத் தெருவில் மரத்தை முழுதாகச் சாய்க்க இடமில்லை. ஆள் ஏறிக் கிளை கிளையாகக் கழித்து, கயிற்றில் இறக்கி, கடைசியில்தான் அடிமரத்துக்கு வருவார்கள். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்துச் சவுக்குத் தோப்புகளில் மரம் மெல்லியது. ஆப்புக்கு வேலையே இல்லை. ஆனால் சாலை ஓரத்துத் தூங்குமூஞ்சி மரத்தின் அடிமரமும், புயலில் விழுந்த குல்மொகரின் பருத்த தண்டும் வேறு கதை. அங்கே ஆப்பு இல்லாமல் ரம்பத்தை உள்ளே விடுவது வம்பு.

சரி, ஆப்பை எதில் செய்வது? கைரம்பத்தின் காலத்தில் இரும்பு ஆப்பு போதுமானதாக இருந்தது. செயின் ரம்பம் வந்ததும் அது ஆபத்தாக மாறியது. ரம்பத்தின் சங்கிலி வினாடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. வெட்டுக்குள் இருக்கும் இரும்பில் அது பட்டால் பற்கள் மழுங்கிப்போகும், உடைந்து தெறிக்கலாம், சங்கிலியே அறுந்துபோகலாம். அதனால் ஆப்பு சங்கிலியைவிட மென்மையானதாக இருக்க வேண்டும். அலுமினியம், மக்னீசியக் கலவை, பிளாஸ்டிக், மரம் என்று நான்கு வழிகள் பிறந்தன.

இவற்றில் சுவையானது இரண்டைச் சேர்த்த வகை. ஜெர்மன் மொழி பேசும் நாடுகளின் காட்டுத் தொழிலாளர்களுக்கு இது நன்கு பழக்கமானது. உடல் அலுமினியம். அதன் பின்பக்கத்தில் ஒரு குழி. குழிக்குள் ஒரு கடின மரக்கட்டை. கட்டையின் தலையைச் சுற்றி ஓர் இரும்பு வளையம். சம்மட்டி விழுவது கட்டையின் மீது. அலுமினியத்தின் மீது அல்ல.

வளையம் எதற்கு என்று இந்த ஊரில் விளக்க வேண்டியதில்லை. உலக்கையின் முனையில் இருக்கும் பூண் செய்யும் அதே வேலைதான். மரத்துக்கு நார் ஓடும் திசையில் பலம் அதிகம், குறுக்கே மிகவும் குறைவு. தலையில் அடி விழ விழ நார்கள் விரிந்து வெளியே தள்ளும். பூண் இல்லாவிட்டால் கட்டை நீளவாக்கில் பிளந்துவிடும்.

மரக்கட்டையை வைத்தவர்கள் விவரம் தெரியாமல் வைக்கவில்லை. இரும்பின் மேல் இரும்பு அடித்தால் தாக்கம் நொடிப்பொழுதில் உச்சத்துக்குப் போய், சம்மட்டி எகிறும், சில்லு தெறிக்கும். அடிபட்டு அடிபட்டுக் காளான் குடை போல விரிந்த உளித்தலையைப் பட்டறைக்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அந்தக் குடையின் ஓரம்தான் துண்டாகப் பிய்ந்து கண்ணில் பாய்கிறது. அமெரிக்கப் பணிப் பாதுகாப்பு விதிகள், உளி, ஆப்பு போன்ற அடிக்கும் கருவிகளின் தலை இப்படி விரிந்திருக்கக் கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கின்றன. மரம் நடுவில் இருந்தால் அடி கொஞ்சம் நீண்டு, மெத்தென்று இறங்கும். ஆப்பின் உடலும் ஆளின் மணிக்கட்டும் தப்பிக்கும். கெட்டுப்போவது அந்தக் கட்டை மட்டுமே.

அதாவது, உடைவதற்கென்றே ஒரு துண்டு வைக்கப்பட்டிருக்கிறது. அது உடைந்தால் வேறு ஒன்றைச் செதுக்கிப் போட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ஐரோப்பாவில் ஆஷ், பீச் போன்ற கடின மரங்களிலிருந்து இந்தக் கட்டைகள் வருகின்றன. நம்மிடம் கருவேலம் இருக்கிறது; வண்டிச் சக்கரத்துக்கும் கருவிக் காம்புக்கும் பேர்போன மரம். புளி இருக்கிறது, உலக்கைக்கும் தச்சரின் கொட்டாப்புளிக்கும் உகந்தது.

பிறகு ஏன் மாற்ற வேண்டும்? விடை சென்னையின் வானிலையில் இருக்கிறது. மரம் ஈரத்தை இழுக்கும்போது உப்பும், காயும்போது சுருங்கும். இந்த மாற்றம் நார் ஓடும் திசையில் மிகக் குறைவு, குறுக்கே அதிகம். கட்டை குழிக்குள் பிடித்து நிற்பதோ அந்தக் குறுக்களவால்தான். கத்திரி வெயிலில் வண்டியின் பின்னால் கிடந்த கட்டை சுருங்கிக் குழியில் ஆடும். பூணும் தளரும். தளர்ந்த பூணோடு அடித்தால் அன்றைக்கே பிளந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது மறுபடி உப்பும், ஆனால் பிளந்த நார் ஒட்டாது. புயல் முடிந்த மறுநாள் கருவிப் பெட்டியைத் திறந்தால் ஈரமும் வெயிலும் மாறி மாறித் தின்ற கட்டைதான் கையில் கிடைக்கும்.

பிளாஸ்டிக்கை நினைக்க வைப்பது இந்த இடம்தான். இனி கவனமாக நடக்க வேண்டும். பிளாஸ்டிக் என்பது ஒரே பொருளின் பெயர் இல்லை. தப்பானதைத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு மருத்துவ உலகில் ஒரு பெரிய சான்று இருக்கிறது.

இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் செயற்கை இடுப்பு மூட்டை உருவாக்கிய ஜான் சார்ன்லி, மூட்டுக் குழியை முதலில் டெஃப்லானில் செய்தார். வழவழப்பில் டெஃப்லானை மிஞ்சுவது கடினம். ஆனால் உடம்புக்குள் அது வேகமாகத் தேய்ந்தது. தேய்ந்த துகள்கள் சுற்றியிருந்த திசுவைக் கெடுத்தன. நோயாளிகளுக்கு மீண்டும் அறுவைச் சிகிச்சை செய்ய நேர்ந்தது. 1962-ல் ஒரு விற்பனையாளர், லங்காஷைர் விசைத்தறிகளின் பல்சக்கரங்களுக்குப் பயன்பட்ட ஒரு வகைப் பாலிஎதிலினை அவருடைய ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார். சார்ன்லி அதை நகத்தால் கீறிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அவருடைய தொழில்நுட்ப உதவியாளர் ஹாரி கிரேவன் விடவில்லை. தேய்மான எந்திரத்தில் மாட்டி இரவு பகலாக ஓடவிட்டார். டெஃப்லான் ஒரே நாளில் தேயும் அளவுக்குக்கூட, இது மூன்று வாரத்தில் தேயவில்லை. அந்த ஆண்டு நவம்பரிலேயே அது நோயாளிகளுக்குப் பொருத்தப்பட்டது. தறியின் இடியைத் தாங்கிய மிக உயர் மூலக்கூறு எடைப் பாலிஎதிலின்தான் அது.

ஆப்புக் கட்டைக்கும் அந்தப் பாலிஎதிலின் ஒரு நல்ல போட்டியாளர். அடியில் நொறுங்காது, தண்ணீர் குடிக்காது, தண்ணீரில் மிதக்கும் அளவுக்கு லேசானது. குறை என்னவென்றால், அது மென்மையானது. விலையும் கூடுதல்.

இன்னொரு போட்டியாளர் நைலான். அம்பத்தூர், ஆவடிப் பக்கம் ரயிலில் போகிறவர்கள் தெரிந்தோ தெரியாமலோ தினமும் நைலான் துண்டுகளின் மேல் பயணம் செய்கிறார்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை இந்தப் பாதையில்தான் ஓடியது. மரச் சிலிப்பர்களின் காலம் முடிந்து கான்கிரீட் சிலிப்பர்கள் வந்தபோது, தண்டவாளத்தைப் பிடிக்கும் எஃகுக் கிளிப்புக்கும் தண்டவாளத்தின் அடிப்பாதத்துக்கும் நடுவே, கண்ணாடி இழை கலந்த நைலான்-66 லைனர் வைக்கப்பட்டது. சிக்னல் மின்சாரம் ஒரு தண்டவாளத்திலிருந்து மற்றதற்குக் கசியாமல் தடுப்பது அதன் வேலை. இந்தக் கிளிப்புகளில் மார்க்-3 என்ற வகையின் அழுத்தம் 850 முதல் 1,100 கிலோ வரை. அந்தச் சுமையைச் சுமந்து, ரயிலின் அதிர்வையும் வாங்கிக்கொண்டு அந்தத் துண்டு கிடக்கிறது. நசுங்கியதை எடுத்துப் புதியதைப் போடுவது தண்டவாளப் பராமரிப்பின் வழக்கமான வேலைகளில் ஒன்று.

ரயில்வேக்கு நல்லது என்றால் ஆப்புக்கும் அதே கண்ணாடி நைலானைப் போட்டுவிடலாமே என்று தோன்றும். கூடாது. லைனர் தாங்குவது நிலையாக அழுத்தும் சுமை. ஆப்புக் கட்டை தாங்குவது சம்மட்டி அடி. கண்ணாடி இழை சேர்த்தால் நைலான் விறைப்பாகும். அப்படி விறைத்த நைலான் பலத்த அடியில் சில்லாகத் தெறிக்கலாம். தவறி ரம்பம் பட்டால் கண்ணாடி இழை பற்களைத் தேய்க்கும். ஆகவே ஆப்புக்கு இழை கலக்காத சாதாரண நைலான்-6 போதும்.

அதற்கும் ஒரு குணம் உண்டு. நைலான் தண்ணீர் குடிக்கும். அச்சிலிருந்து வந்த புத்தம் புதிய நைலான் உலர்ந்து விறைப்பாக இருக்கும். பலமாக அடித்தால் விரிசல் விடலாம். காற்றின் ஈரத்தைச் சில சதவீதம் உறிஞ்சிய பிறகு அது வளைந்து கொடுக்கும் பொருளாக மாறுகிறது. அதனால்தான் தொழிற்சாலைகளில் நைலான் பாகங்களை வெந்நீரில் ஊறவைத்துப் பதப்படுத்துகிறார்கள். ஈரத்தை ஏற்றால் அளவும் கூடும். 40 மி.மீ. விட்டமுள்ள கட்டை, சாதாரணக் காற்று ஈரத்திலேயே ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் பெருகும். வெயிலில் விரிவதைவிட இது பெரியது. எனவே கடைசல் வேலைக்கு ஒரு வரிசை இருக்கிறது: ராடை வெட்டி, ஊறவைத்து, ஆறவிட்டு, அதன் பிறகே லேத்தில் கடைய வேண்டும். கடைந்துவிட்டு ஊறவைத்தால் குழிக்குள் போகாது. போனால் திரும்பி வராது.

பிளாஸ்டிக்கின் பெரிய பலவீனம் இனிதான் வருகிறது. நார் ஓடும் திசையில் கடின மரத்தின் விறைப்போடு ஒப்பிட்டால், ஈரம் ஏற்ற நைலானின் விறைப்பு ஏறத்தாழ பத்தில் ஒன்றுதான். விறைப்பு குறைந்த கட்டை, சம்மட்டி கொடுக்கும் ஆற்றலில் ஒரு பங்கைத் தானே அமுங்கி வாங்கிக்கொண்டு சம்மட்டியையே திருப்பி எறியும். மரக்கட்டையில் பத்து அடியில் உள்ளே போகும் ஆப்புக்கு, நீளமான நைலான் கட்டையில் அதைவிட அதிக அடி தேவைப்படலாம். காட்டுத் தொழிலாளர்களில் சிலர் மரக்கட்டையைக் கைவிட மனமில்லாமல் இருப்பதற்கு வெறும் பழக்கம் மட்டும் காரணமில்லை. அடி உள்ளே இறங்குவது அவர்கள் கைக்குத் தெரிகிறது.

இதற்கு வழி, நீளத்தைக் குறைப்பது. மரக்கட்டை உயரமாக இருந்ததற்குக் காரணம், தலை நைந்து குறைந்துகொண்டே வரும் என்பதுதான். பிளாஸ்டிக்குக்கு அவ்வளவு உயரம் தேவையில்லை. குழியின் அடித்தளத்தில் முழுதாக உட்கார்ந்து, வாய்க்கு மேலே சம்மட்டி விழும் அளவுக்கு மட்டும் நீண்டிருந்தால் அமுங்கல் குறையும், அடி வீணாகாது.

இந்த வேலைக்கு வேண்டிய கைகள் இந்தப் பகுதியிலேயே இருக்கின்றன. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-லிருந்து இயங்குகிறது. பூந்தமல்லி நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளே திரும்பினால் லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. கிண்டியில் 1968-ல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் துணையோடு தொடங்கப்பட்ட சிப்பெட் நிறுவனம், பிளாஸ்டிக் பொருட்களைச் சோதிக்கும் வேலையையும் செய்கிறது. வெளிநாட்டுக் கட்டைக்காகக் காத்திருக்காமல், உடைந்த கட்டையின் அளவைக் கொடுத்து இங்கேயே கடைந்து வாங்கலாம்.

அளவெடுப்பதற்கு முன் உடைந்த மரத்தை வெளியே எடுக்க வேண்டும். நெருப்பில் காட்டி எரித்து எடுப்பது எளிது என்று சிலர் நினைக்கலாம். அது ஆப்பையே கெடுக்கும். பதமேற்றிய அலுமினியக் கலவையை 200 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் பதம் இறங்கி மென்மையாகிவிடும். கட்டையின் நடுவில் டிரில் போட்டு, மெல்லிய உளியால் உள்நோக்கிப் பிளந்து எடுப்பதே சரி. பிறகு குழியின் வாய் விட்டம், அடி விட்டம், ஆழம் மூன்றையும் அளக்க வேண்டும். குழி பெரும்பாலும் உள்ளே போகப் போகக் குறுகும். அந்தச் சரிவு கட்டைக்கும் அப்படியே வர வேண்டும். இப்படிச் சரிந்து கவ்வும் மோர்ஸ் டேப்பர் லேத்காரர்களுக்குப் பழக்கமானது. சரிவு மிகக் குறைவாக இருந்தால் அடிக்க அடிக்கக் கவ்விக்கொண்டு, பிறகு கழற்றவே முடியாது என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

கட்டையின் தலை விளிம்பைக் கூர்மையாக விடாமல் சாய்த்துக் கடைய வேண்டும். கூரான விளிம்பில்தான் முதல் சில்லு பிய்கிறது. பூணைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்ற கேள்வி வரும். நைலானுக்கு நார் இல்லை, ஆகவே மரத்தைப் போல நீளவாக்கில் பிளக்காது. ஆனாலும் தலை விரிவதைப் பூண் கட்டுப்படுத்தும். ஆப்பு எந்தப் பூணோடு வடிவமைக்கப்பட்டதோ அதை அப்படியே வைத்திருப்பது நல்லது. அந்தப் பூண் எப்போதும் வெட்டுக்கு வெளியேதான் இருக்க வேண்டும்.

நிறத்திலும் ஒரு தேர்வு இருக்கிறது. கறுப்பு நைலான் வெயிலை அதிக நாள் தாங்கும், ஏனென்றால் அதிலுள்ள கரி, புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது. ஆனால் இலைச் சருகில் விழுந்த கறுப்புக் கட்டையைத் தேடுவதற்குள் பொழுது போய்விடும். வெளிநாட்டுப் பிளாஸ்டிக் ஆப்புகள் ஆரஞ்சும் மஞ்சளுமாக இருப்பது அதனால்தான். வெள்ளை ராடு வாங்கினால் தலைப்பக்கத்தில் பெயின்ட் பட்டை ஒன்று அடித்துக்கொள்ளலாம்.

ஒன்றைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும்: எது எதுவோ கலந்து உருக்கிய மறுசுழற்சி பிளாஸ்டிக். நாற்காலிக்கும் பக்கெட்டுக்கும் அது போதும். சம்மட்டி அடிக்கு அது எங்கே, எப்போது விட்டுப்போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. மரம் உடையும் முன் விரிசல் காட்டும், சத்தம் மாறும். பிளாஸ்டிக் அவ்வளவு முன்னறிவிப்பு கொடுப்பதில்லை. தலையைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக நுண்கோடுகள் தெரிந்தால் அந்தக் கட்டை ஓய்வு பெற வேண்டியதுதான். எந்தக் கட்டையாக இருந்தாலும் பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் ஆப்பில் அடிக்கக் கூடாது.

எதிர்ப்பக்க வாதத்துக்கும் இடம் கொடுக்க வேண்டும். மரக்கட்டை பிய்ந்து விழுந்தால் மண்ணோடு மண்ணாகும். நைலான் சில்லு விழுந்த இடத்திலேயே கிடக்கும். அறுத்த மரத்தைத் தூளாக்கி உரமாக்கினாலோ காகித ஆலைக்கு அனுப்பினாலோ, அதில் கலந்த பிளாஸ்டிக் தொல்லைதான். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள ஒருமுறை பயன்பாட்டுப் பிளாஸ்டிக் தடைக்குள் இந்தக் கட்டை வராது. அதற்காகக் கவலையே இல்லை என்று ஆகிவிடாது. மாதம் ஒரு மரக்கட்டை போகும் இடத்தில் ஒரு நைலான் கட்டை பல மாதம் வந்தால்தான் இந்த மாற்றம் நியாயமாகும்.

வருமா என்பதைப் பட்டறையில் உட்கார்ந்து தீர்மானிக்க முடியாது. வேலைக்களத்தில் அளந்துதான் பார்க்க வேண்டும். ஒரே குழுவுக்கு ஒரே மாதிரி இரண்டு ஆப்புகள். ஒன்றில் கருவேலங்கட்டை, மற்றதில் நைலான். ஒவ்வொரு மரத்துக்கும் எத்தனை அடி, கட்டை எதனால் கழிக்கப்பட்டது, கழிக்கும்போது எவ்வளவு உயரம் மிச்சம் என்று ஒரு நோட்டில் குறித்து வர வேண்டும். எடை போட வேண்டாம். நைலான் தண்ணீர் குடிப்பதால் எடை ஏமாற்றும். வெர்னியர் காலிப்பரால் உயரத்தையும் தலை விட்டத்தையும் அளப்பதே நம்பகமானது. ஒரு வடகிழக்குப் பருவமழையும் ஒரு கோடையும் கடந்த பிறகு அந்த நோட்டைப் புரட்டினால், அடிக்கணக்கில் மரக்கட்டையும் ஆயுளில் நைலானும் முந்தியிருக்க வாய்ப்பு அதிகம். அப்படித்தான் முடிவு வந்தால், புயல் காலப் பெட்டியில் நைலான் கட்டை பொருத்திய ஆப்பை வைத்துக்கொண்டு, வறண்ட நாளில் பருத்த அடிமரத்தைச் சாய்க்கும் வேலைக்குக் கருவேலங்கட்டையையே தொடரலாம். இரண்டுக்கும் குழி ஒன்றுதான்.